சுதந்திரம்: பொருளும் வேரும் தமிழ்ச் சொல்லும்

சுதந்திரம் வடசொல். ஸ்வ (தன்), தந்த்ர (ஒழுங்கு, ஆட்சி) என்ற இரண்டும் சேர்ந்த 'ஸ்வதந்த்ர' தமிழில் சுவதந்திரமாகி, சுதந்திரமாகக் குறுகியது. ஸ்வபாவம் சுபாவமானதும், ஸ்வதேசி சுதேசியானதும் இதே வழியில்தான். ஆகவே முன்னே நிற்கும் 'சு', சுகந்தத்தில் வரும் 'நல்ல' என்ற சு அன்று. பின்னே நிற்பதும் சூழ்ச்சியைக் குறிக்கும் தந்திரம் அன்று. 'நல்ல தந்திரம்' என்று பிரித்துப் பொருள் சொல்வது பிழை. தந்த்ரத்தின் வேர் 'தன்' என்ற வடமொழி வினை, அதாவது நீட்டுதல், விரித்தல். தறியில் நீளவாக்கில் கட்டும் பாவு நூலுக்கும் தந்த்ரம் என்று பெயர். நெசவுக்கு அதுதான் ஒழுங்கு. தன் பாவில் தானே இயங்குவது ஸ்வதந்த்ரம், பிறர் பிடியில் இயங்குவது பரதந்த்ரம்.

தமிழ்நாட்டில் இச்சொல்லுக்கு வேறொரு வாழ்வும் இருந்தது. களத்தில் நெல் அளக்கும்போது தலையாரி, தச்சர், கொல்லர் முதலிய ஊர்ப் பணியாளர்களுக்கு வழிவழியாகக் கொடுத்துவந்த பங்குக்கும் சுதந்திரம் என்றே பெயர். தமிழ் விவிலியத்தில் சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் 'சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்' என்று வருவதும் இந்தப் பொருளில்தான். உரிமையாகப் பெறுவார்கள் என்பது கருத்து. சுதந்தரவாளி என்றால் வாரிசு. இன்றைய பொருளை வைத்து அந்த வரியைப் படிப்பவர் தடுமாறிப்போவார்.

இணையான தமிழ்ச் சொல் எது? பலரும் உடனே சொல்வது விடுதலை. நல்ல சொல்தான். ஆனால் அது 'விடு' என்ற வினையில் பிறந்தது. ஒரு கட்டிலிருந்து நீங்குவதையே சுட்டும். வழக்கிலிருந்தும் சிறையிலிருந்தும் கிடைப்பது விடுதலை. நாட்டுக்கும் அது பொருந்தும்: விடுதலைப் போராட்டம், விடுதலை நாள். அதற்காக 'சுதந்திரமாகப் பேசினார்' என்பதை 'விடுதலையாகப் பேசினார்' என்று மாற்றினால் வாக்கியம் நொண்டும். அங்கே 'தடையின்றி', 'மனம்விட்டு' என்று எழுதினாலே போதும். பேச்சுச் சுதந்திரம் பேச்சுரிமை ஆகும். தனிமனித சுதந்திரத்துக்குத் தன்னுரிமை நன்றாகப் பொருந்துகிறது. ஒரு பகுதி தன்னைத் தானே ஆள்வதைக் குறிக்கத் தன்னாட்சி இருக்கிறது. எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லைத் தேடுவதால்தான் மொழிபெயர்ப்புகள் செயற்கையாகின்றன.

எழுத்தில் ஒன்று: சுதந்திரம், சுதந்தரம் இரண்டுமே வழக்கில் உள்ளவை. 'சுதந்திர போராட்டம்' என்று 'ப்' என்ற ஒற்றெழுத்தை விட்டுவிடாமல் 'சுதந்திரப் போராட்டம்' என்று எழுத வேண்டும்.