சொல் விளக்கம்: ரேஞ்சர்

முதுமலைப் பக்கம் போய் ரேஞ்சர் யார் என்று கேட்டால் காக்கி உடுப்பு போட்ட வனத்துறை அதிகாரியைக் காட்டுவார்கள். 90களில் பள்ளிக்கூடம் போனவர்களைக் கேட்டால் தடித்த டயர் சைக்கிளைச் சொல்வார்கள். ஆங்கிலப் போர்ப்படம் பார்க்கிறவர்களுக்கு அது அமெரிக்க ராணுவத்தின் அதிரடிப் பிரிவு. மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான். ஆனால் தமிழில் எழுதும்போது மூன்றையும் ஒரே சொல்லால் பெயர்க்க முடியாது. ஏன் என்று தெரிய, சொல்லின் பிறப்பிலிருந்து வர வேண்டும்.

பழைய பிரெஞ்சில் 'ராங்' என்றால் வரிசை. அதிலிருந்து வந்த வினைச்சொல்லுக்கு வரிசையில் நிறுத்துவது என்று பொருள். நம் பிள்ளைகள் வாங்கி வரும் 'ரேங்க்' இதன் உடன்பிறப்பு. இன்னும் பின்னால் போனால், வளையத்தைக் குறிக்கும் 'ரிங்' என்ற ஜெர்மானியச் சொல்லில் போய் முட்டும். வரிசை என்ற பொருள் ஆங்கிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, ஒரு பரப்பு முழுக்கச் சுற்றி வருவது என்றானது. 'அவன் ரேஞ்சே வேற' என்று நாம் சொல்வதும் அந்தப் பரப்பை வைத்துத்தான். அரசரின் வேட்டைக்காட்டைச் சுற்றி வந்து காவல் செய்தவர் ரேஞ்சர் ஆனார். காட்டை விட்டு வெளியே போன மான்களைத் திரும்ப உள்ளே விரட்டுவதும் அவர் வேலை. ஆக, நம் வனத்துறை ரேஞ்சர்தான் மூத்தவர். துப்பாக்கி ஏந்தியவர் பிறகுதான் வருகிறார்.

அவர் வந்தது வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களில். எல்லைப்புறக் குடியிருப்புகளுக்கு நடுவே காட்டில் ரோந்து சுற்றியவர்களை அங்கே ரேஞ்சர் என்றார்கள். அந்தப் பெயரை உலகறியச் செய்தவர் ராபர்ட் ரோஜர்ஸ். 1731இல் மாசசூசெட்ஸில் பிறந்து, நியூ ஹாம்ப்ஷயரின் காட்டோரத்தில் வளர்ந்தவர். பிரெஞ்சுக்காரர்களோடு போர் நடந்துகொண்டிருந்த 1756இல், ஆளுநர் வில்லியம் ஷெர்லி அவருக்குத் தனி ரேஞ்சர் கம்பெனி ஒன்றைக் கொடுத்தார்.

அன்றைய மஸ்கட் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. நூறு கஜத்தைத் தாண்டினால் குண்டு எங்கே போகும் என்று சுட்டவருக்கே தெரியாது. அதனால்தான் சிவப்புச் சட்டைக்காரர்களான ஆங்கிலேயச் சிப்பாய்கள் தோளோடு தோள் ஒட்டி, வரிசை வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் சுட்டார்கள். குறி தப்பினாலும் கூட்டத்தில் யார் மீதாவது படும் என்ற கணக்கு. அடர்ந்த காட்டில் இந்தக் கணக்கு செல்லவில்லை. பச்சைச் சட்டையும் மொக்காசின் என்ற மென்தோல் காலணியும் அணிந்து, பனியில் பனிச்செருப்போடு நடந்த ரோஜர்ஸின் ஆட்கள் மரத்துக்கு மரம் ஒளிந்து சண்டை போட்டார்கள். வரிசை என்று பிறந்த சொல், வரிசையில் நிற்கவே மாட்டேன் என்றவர்களுக்குப் பெயராகிவிட்டது. இது எனக்கு ரொம்பப் பிடித்த முரண்.

1757இல் ரோஜர்ஸ் 28 விதிகளை எழுதினார். முதல் விதியில் ஒவ்வொருவருக்கும் ஒரு துப்பாக்கி, 60 சுற்று மருந்தும் குண்டும், ஒரு கைக்கோடரி. மற்றவை காட்டில் எப்படிப் பிழைப்பது என்று சொல்பவை. ஒற்றை வரிசையில் நட, ஆனால் ஒரே குண்டு இருவரைத் துளைக்காத அளவுக்கு இடைவெளி விடு. சதுப்பில் மட்டும் பக்கம் பக்கமாகப் பரவி நட, தடம் தெரியாது. போன வழியில் திரும்பாதே. விடியுமுன் எல்லோரையும் எழுப்பிவிடு, எதிரி வருவது அந்த நேரத்தில்தான். இந்த வித்தைகளில் பல பூர்வகுடிகளிடம் கற்றவை. அவர்களில் ஒரு பிரிவான ஸ்டாக்பிரிட்ஜ் மொஹிக்கன்கள் அவர் படையிலேயே தனிக் கம்பெனியாக இருந்தார்கள். இன்று இணையத்தில் 'ரோஜர்ஸின் 19 கட்டளைகள்' என்று சுற்றுவது வேறு, அது 1937இல் வந்த ஒரு நாவலில் பிறந்தது.

விதி எழுதியவர் என்பதால் எப்போதும் ஜெயித்தார் என்று நினைக்க வேண்டாம். 1757 ஜனவரியில் பிரெஞ்சுக்காரர்களின் கரில்லோன் கோட்டைக்கு அருகே, போன வழியிலேயே திரும்பி வந்து பிரெஞ்சுப் பொறியில் சிக்கினார். 1758 மார்ச்சில் ஏறத்தாழ 180 பேரோடு போய், 120 பேருக்கு மேல் இழந்தார்.

அவர் பெயர் பெரிதானது 1759இல். செப்டம்பர் 13 அன்று ஆங்கிலேயப் படை முகாமிட்டிருந்த கிரௌன் பாயின்டிலிருந்து சுமார் 200 பேரோடு படகில் புறப்பட்டார். குறி, இன்றைய கியூபெக்கில், பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்ற அபெனாக்கி பூர்வகுடி மக்களின் ஊரான செயின்ட் பிரான்சிஸ், இன்று ஒடனாக். ஒளித்து வைத்த படகுகள் வழியிலேயே பிரெஞ்சுக்காரர் கையில் மாட்டின. ஒன்பது நாள் சதுப்பில் நடந்தார்கள். ஊரை நெருங்கும்போது 142 பேர் மிஞ்சியிருந்தார்கள். மாலையில் ரோஜர்ஸ் முன்னால் போய் வேவு பார்த்தார், ஊரில் ஆட்டம் பாட்டமாக இருந்தது. அக்டோபர் 4 விடியலில் சூழ்ந்து தாக்கி, வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். 200 பேரைக் கொன்றதாக ரோஜர்ஸ் அறிக்கை எழுதினார். பிரெஞ்சுத் தரப்பின் கணக்கு 30 அளவில், அதிலும் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். முந்தின இரவே அந்நியன் ஒருவன் வந்து எச்சரித்தான், கேட்டவர்கள் ஒளிந்து தப்பினார்கள் என்று அபெனாக்கி முதியோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ரோஜர்ஸின் எண்ணை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

திரும்பும் வழியில் பசி. உணவோடு காத்திருக்க வேண்டிய அதிகாரி, பொறுமையில்லாமல் கிளம்பிப் போயிருந்தார். ரோஜர்ஸ் போய்ச் சேர்ந்தபோது அந்த அதிகாரி மூட்டிய தீ இன்னும் கனன்றுகொண்டிருந்தது. பிறகு கட்டிய தெப்பம் அருவியில் போயிற்று. மரத்தை வெட்ட முடியாத நிலையில், அடியில் தீ வைத்துச் சாய்த்து, தேவையான நீளத்துக்குத் தீயாலேயே துண்டாக்கி, புதுத் தெப்பம் கட்டினார். கூட வந்தவர்கள் அதற்குள் அணில் வேட்டையாடினார்கள். அந்தப் பயணத்தில் ஏறத்தாழ 50 பேர் திரும்பவில்லை.

சரி, தமிழில் இவர்களை என்னவென்று சொல்வது?

'கெரில்லா' பொருந்தாது. அது ஸ்பானியச் சொல், நெப்போலியன் காலத்தில்தான் உலகுக்குப் பரவியது. 'அதிரடிப்படை' என்றால் நம் காதில் போலீஸ் ஜீப் சத்தம் கேட்கிறது. 'சிறப்புப் படை' எதற்கும் பொருந்தும், அதனாலேயே எதையும் சொல்லாது. 'வனச்சரகர்' நல்ல சொல். வனவர், வனக்காப்பாளருக்கு மேலே, ஒரு சரகத்தைச் சுற்றி ஆளும் அதிகாரிக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் ரோஜர்ஸை வனச்சரகர் என்றால் சந்தனக் கட்டை பிடிக்க வந்தவர் போல ஆகிவிடும்.

எனக்குக் கிடைத்தது தொல்காப்பியத்தில். வெட்சித்திணை பற்றிய நூற்பா 'வேந்துவிடு முனைஞர்' என்று தொடங்குகிறது. வேந்தன் அனுப்ப, வேற்று நாட்டுக்குள் களவாகப் புகுந்து ஆநிரை கொண்டு வருபவர்கள். முனை என்றால் போர்முகம், எல்லைமுகம். அடுத்து வரும் துறைகளைப் பாருங்கள். பகை ஒற்றர் அறியாமல் போவது 'புடைகெடப் போகிய செலவு'. வேவு பார்த்து வருவது 'வேய்'. ஊரைச் சூழ்ந்து தங்குவது 'புறத்திறை'. அப்புறம் 'ஊர்கொலை'. செயின்ட் பிரான்சிஸில் நடந்தது இந்த வரிசையில்தான். ஒரு வித்தியாசம், வெட்சியார் குறி மாடு.

ஆகவே 18ஆம் நூற்றாண்டு ரேஞ்சருக்கு 'முனைஞர்' என்று எழுதலாம்: 'ரோஜர்ஸின் முனைஞர்கள்', 'முனைஞர் கம்பெனி'. முதல் முறை மட்டும் பக்கத்தில் ரேஞ்சர் என்று சொல்லிவிட்டால் போதும். 1942இல் வட அயர்லாந்தின் கேரிக்ஃபெர்கஸில் அமெரிக்கா தொடங்கிய பட்டாளத்துக்கு இந்தப் பழைய பெயரையே வைத்தார்கள். அது இன்று ஒரு படைப்பிரிவின் பெயராகவே நிலைத்துவிட்டதால் 'ரேஞ்சர் படை' என்று விடுவதே சரி. சைக்கிளையும் அப்படியே விட்டுவிடலாம்.