மூலிகையைக் காட்டியவர்களுக்கு மருந்தில் என்ன பங்கு?

ஒரு காட்டில் வளரும் ஆயிரக்கணக்கான தாவர வகைகளில் எதில் மருந்து இருக்கிறது என்பதை வேதியியல் சோதனையால் மட்டுமே கண்டறிய முனைந்தால், ஒவ்வொரு தாவரத்தின் இலை, வேர், பட்டை, விதை ஆகியவற்றிலிருந்து தனித்தனியே சாறு எடுத்து, ஒவ்வொரு சாற்றையும் பல நோய்களுக்கு எதிராகச் சோதிக்க வேண்டியிருக்கும். இந்தத் தேடலைப் பெருமளவு சுருக்கித் தருவது அக்காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்களின் அறிவு. எந்தச் செடி, அதன் எந்தப் பகுதி, எந்தப் பருவத்தில் பறிப்பது, எவ்வளவு கொடுத்தால் மருந்து, எவ்வளவு கொடுத்தால் நஞ்சு என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வணிக நோக்கிலான உயிரிவளத் தேடலின் அறச்சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆய்வகத்துக்கு வெளியே, பல நூறு ஆண்டுகளாகச் செய்து முடிக்கப்பட்ட இந்த வேலை ஆய்வகத்தின் கணக்கில் ஏறுவதில்லை.

தேடல் நடக்கும் முறையைப் பார்த்தால் இது விளங்கும். செடியின் சாற்றைப் பல கூறுகளாகப் பிரித்து, எந்தக் கூறு உயிரணுக்களிலோ விலங்குகளிலோ விளைவை உண்டாக்குகிறது என்று பார்த்து, அதை மேலும் மேலும் பிரித்து, இறுதியில் ஒரே மூலக்கூறைத் தனிமைப்படுத்துகிறார்கள். நாட்டு மருத்துவம் சொன்ன பயனும் ஆய்வகம் கண்ட பயனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நித்தியகல்யாணி இலை நீரிழிவுக்குப் பயன்படுவதாகக் கேள்விப்பட்டு 1950களில் ஆராய்ந்தவர்கள், அது இரத்த வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அந்த வழியில் கிடைத்தவையே வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள். நிறுவனங்கள் இத்தகைய வேறுபாட்டைக் காட்டித் தங்கள் கண்டுபிடிப்பு முற்றிலும் புதியது என்று வாதிடுகின்றன. அந்த வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்தச் செடி ஆய்வு மேசைக்கு வந்து சேர்ந்ததே மக்கள் அதை மருந்தாகக் கருதியதால்தான் என்பதை அது மறைத்துவிடுகிறது.

காப்புரிமைச் சட்டமும் இதற்குத் துணைபோனது. ஒரு கண்டுபிடிப்பு புதியதாக இருந்தால்தான் காப்புரிமை கிடைக்கும். ஆனால் 2013ஆம் ஆண்டு மார்ச் வரை அமெரிக்கச் சட்டத்தில், வெளிநாட்டில் வாய்மொழியாக வழங்கிவந்த அறிவு ஏற்கெனவே இருந்த அறிவாக ஏற்கப்படவில்லை. அது அச்சில் வெளியாகியிருக்க வேண்டும். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் ஆய்விதழ்க் கட்டுரைகளையும் சான்றாகக் காட்டிய பிறகு, 1997இல் அது நீக்கப்பட்டது. மஞ்சளுக்கு எழுத்துச் சான்று இருந்தது. எழுத்தில் ஏறாத அறிவை உடைய ஒரு சிறிய சமூகம் எதைக் காட்டும்? அதை எழுதி வெளியிட்டாலோ, பிறர் காப்புரிமை பெறுவதைத் தடுக்கலாமே தவிர, பிறர் எடுத்துப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது. இந்த இரட்டை நெருக்கடிதான் இத்துறையின் மிகக் கடினமான பகுதி என்று நான் கருதுகிறேன்.

நாடுகளுக்குத் தம் உயிரிவளத்தின் மீது இறையாண்மை உண்டு என்று 1992இன் உயிரியல் பல்வகைமை உடன்படிக்கை அறிவித்தது. முன்கூட்டியே விளக்கி ஒப்புதல் பெறுவதையும், பயனை நியாயமாகப் பகிர்வதையும் அதன் கீழ் உருவான 2010இன் நகோயா நெறிமுறை விரிவாக வகுத்தது. ஆனால் ஒப்புதலை யாரிடம் பெறுவது? 1987இல் அகத்தியமலையில் காணி பழங்குடியினரின் வழிகாட்டுதலில் நடந்த ஆய்வாளர்கள், அவர்கள் களைப்பின்றி நடப்பதற்கு ஆரோக்கியப்பச்சையின் காய்களை உண்பதே காரணம் என்று அறிந்தார்கள். அச்செடியிலிருந்து உருவான 'ஜீவனி' மருந்தின் உரிமத்தொகையிலும் விற்பனைப் பங்குத்தொகையிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. உலகெங்கும் முன்மாதிரியாகப் பேசப்பட்ட ஏற்பாடு இது. ஆயினும் தகவலைச் சொன்னவர்கள் சிலரே. காணிகளின் குடியிருப்புகளோ மலையெங்கும் சிதறிக் கிடப்பவை. மருத்துவ அறிவைக் காத்துவந்த பிலாத்திகளில் சிலர், தங்கள் அறிவு தனியாருக்கு விற்கப்படுவதை எதிர்த்துக் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். பணத்தைப் பங்கிடுவதால் மட்டும் ஒப்புதல் கிடைத்ததாக ஆகிவிடாது. 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் அதில் அடங்க வேண்டும்.

கலஹாரிப் பகுதியின் சான் மக்கள் பசியை அடக்க உண்ட ஹூடியா என்னும் சதைப்பற்றுள்ள செடியின் கதை இன்னும் கசப்பானது. தென்னாப்பிரிக்க அரசின் ஆய்வு நிறுவனம் அதன் பசியடக்கும் கூறுக்குக் காப்புரிமை பெற்று, உரிமத்தை வெளிநாட்டு நிறுவனத்துக்கு வழங்கியபோது சான் மக்களிடம் யாரும் கேட்கவில்லை. உலகின் கவனம் திரும்பிய பிறகே 2003இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆய்வு நிறுவனம் பெறும் விற்பனைப் பங்குத்தொகையில் 6 விழுக்காடு அவர்களுக்கு என்று முடிவானது. பாதுகாப்பும் பயனும் போதவில்லை என்று அதிலிருந்து உணவுப்பொருள் உருவாக்க முனைந்த யூனிலீவர் நிறுவனம் 2008இல் இத்திட்டத்தைக் கைவிட்டதும், எதிர்பார்த்த வருவாயும் போயிற்று. பெரும்பாலான மருந்து ஆய்வுகள் தோல்வியிலேயே முடிகின்றன. ஆகவே, வெற்றியில் மட்டும் பங்கு தருவதாகச் சொல்லும் ஒப்பந்தம், பெரும்பாலும் எதையும் தராத ஒப்பந்தமே. இதைவிட, அதே நாட்டில் 2019இல் ரூயிபோஸ் என்னும் மூலிகைத் தேநீருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு எனக்கு நேர்மையானதாகத் தோன்றுகிறது. பண்ணையில் விற்கும் விலையில் 1.5 விழுக்காடு சான், கோய் சமூகங்களுக்குச் சேரும். பொருள் வாங்கப்படும்போதே பணம் வந்துவிடுகிறது.

இப்போது செடியே தேவைப்படாத நிலை வந்துகொண்டிருக்கிறது. அதன் மரபணு வரிசை கணினித் தரவாகப் பொதுவெளியில் கிடைத்தால், மருந்துப் பொருளை உருவாக்கும் மரபணுக்களை ஈஸ்டில் செலுத்தி, தொட்டிகளில் உற்பத்தி செய்ய முடியும். எல்லையைத் தாண்டுவது எழுத்து வரிசை மட்டுமே என்பதால், செடிக்கு எழுதப்பட்ட அனுமதி விதிகள் அதைப் பிடிப்பதில்லை. இதற்காக 2025இல் தொடங்கப்பட்ட, கொலம்பியாவின் காலி நகரின் பெயரைக் கொண்ட 'காலி நிதி', இத்தரவுகளால் இலாபம் ஈட்டும் பெரிய நிறுவனங்களின் பங்களிப்பை எதிர்பார்க்கிறது. அதில் குறைந்தது பாதி பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும். ஆனால் நிறுவனங்கள் அதில் பணம் செலுத்துவது இன்னும் அவர்கள் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது.