சிவப்பும் பச்சையும் மட்டும் போதாது

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உயர்நிலைப்பள்ளித் தமிழ் நாடகக் குழுவின் ‘ரோமியோ ஜூலியட்’டுக்கு உடை வடிவமைத்தேன். கதையில் பகை கொண்ட இரண்டு குடும்பங்களில், ஜூலியட்டின் கேப்யூலட் வீட்டாருக்குச் சிவப்பு ஜிப்பா, ரோமியோவின் மாண்டேகு வீட்டாருக்குப் பச்சை. சிங்கப்பூர் அராப் ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய துணி. தெருச்சண்டைக் காட்சியில் விளக்குக்குச் சிவப்பு ஜெல், அதாவது ஒளியின் நிறத்தை மாற்றும் வண்ணத் தாள், போட்டார்கள். பச்சை ஜிப்பாக்கள் கறுத்துவிட்டன. சிவப்பு, வெளிறிய வெள்ளைபோல் ஆனது.

நாடகம் முடிந்து ஒரு மாணவரின் தந்தை வந்தார். “விளக்கு மாறும் முன்னாலேயே எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா தெரிஞ்சது” என்றார். அவருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு. தம் மகன் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியாமலே முழு நாடகத்தையும் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து நிறத்தை மட்டும் நம்பி நான் உடை தைப்பதில்லை.

இந்தக் குறைபாடு பெரும்பாலும் ஆண்களுக்கே வருகிறது. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆசிய ஆண்களில் நூற்றுக்கு 4, 5 பேருக்கு இருக்கலாம். பிளாக் பாக்ஸ் எனப்படும் சிறிய, கறுப்புச் சுவர் அரங்கில்கூட ஓரிருவர் இருப்பார்கள்.

அதனால் இப்போது முதலில் உருவத்தை மாற்றுகிறேன். ஒரு வீட்டாருக்கு நிமிர்ந்த காலர், இடுப்பில் இறுகக் கட்டிய துணி. இன்னொரு வீட்டாருக்குக் காலரே இல்லை. தோளிலிருந்து முழங்கால்வரை தொங்கும் துண்டு. ஒன்றில் கட்டம், மற்றதில் கோடு. நிறம் அதற்குப் பிறகுதான், அதுவும் ஒன்று அடர்த்தி, ஒன்று வெளிர். ஒத்திகையில் கடைசி வரிசையிலிருந்து கைப்பேசியில் படமெடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அப்போதும் இரண்டு வீடும் பிரிந்து தெரிய வேண்டும்.

ஒரு வீட்டாருக்கு முகத்தைக் கறுப்பாக்கலாமா, ஒரு வீட்டை ஏழையாகக் காட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நம் ஊரில் தோல் நிறத்தைச் சொல்லிக் காயப்பட்ட பிள்ளைகளே அந்த மேடையில் நிற்கிறார்கள். மேலும், இரண்டு குடும்பமும் மதிப்பில் சமம் என்று நாடகத்தின் முதல் வரியே சொல்கிறது. ஒன்றைத் தாழ்த்தினால், காரணமே சொல்லப்படாத அந்தப் பகைக்கு நாமாக ஒரு காரணம் கொடுத்துவிடுகிறோம்.

மெர்குஷியோவுக்கு இரு வீட்டு அடையாளமும் வேண்டாம். அவன் இளவரசரின் உறவினன். ரோமியோவின் நண்பன் என்பதற்காக மாண்டேகு உடை போட்டுவிட்டால், சாகும்போது இரு வீட்டையும் சேர்த்து அவன் விடும் சாபம் வலுவிழந்துவிடும்.

விருந்துக் காட்சிக்கு வரும்போது ரோமியோவின் துண்டைக் கழற்றிவிடுவேன். முகமூடியோடு நிற்கும் அவனைக் கேப்யூலட் வீட்டு டிபால்ட் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறான். ஜூலியட்டோ, அவன் யாரென்று செவிலியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறாள். அடையாளத் துணி எளிதில் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். ஊக்கு போதும், தைத்துவிடாதீர்கள்.