வெளிநாட்டு முகவரா, அந்நியக் கைக்கூலியா?

‘வெளிநாட்டு முகவர்கள் பதிவுச் சட்டம் நிறைவேறியது’ என்ற தலைப்பைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு யார் நினைவுக்கு வருவார்? காப்பீட்டுத் தவணை வாங்க வரும் எல்.ஐ.சி. முகவர் வரலாம். தேர்தல் நாளில் வாக்காளர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குள் உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர் வரலாம். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் என்று எடுத்துக்கொண்டு, ‘அவர்களைப் பதிவு செய்யச் சொல்வது நல்லதுதானே’ என்று அடுத்த செய்திக்குப் போய்விடவும் கூடும்.

அந்தச் சொல்லை எதிர்த்துத்தான் ரஷ்யாவின் அண்டை நாடான ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில், நாடாளுமன்றத்துக்கு முன்னே ஓடும் ருஸ்தவேலி சாலையில், மக்கள் இரவிரவாக நின்று நீர்ப்பீரங்கியின் அடியை வாங்கினார்கள். தமிழில் இவ்வளவு சாதுவாக ஒலிக்கும் ஒரு சொல் அங்கே அப்படி என்ன செய்தது?

வேர் இலத்தீன். ‘அகெரே’ என்ற வினைக்கு ஓட்டு, நடத்து, செய் என்றெல்லாம் பொருள். மந்தையை ஓட்டுவதற்கும் அதுதான் வினை. செய்யவேண்டியவற்றின் பட்டியலான ‘அஜெண்டா’வும் மேடையில் செய்துகாட்டும் ‘ஆக்டர்’உம் அதே குடும்பம். ‘ஏஜென்ட்’ என்றால் முதலில் ‘செய்பவர்’ மட்டுமே. பிறகுதான் வணிகமும் சட்டமும் அதைப் ‘பிறருக்காகச் செய்பவர்’ என்று குறுக்கின. அப்படிக் குறுகியபோது ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது: ஏஜென்ட் என்று ஒருவர் இருந்தால் அவரை ஏவுகிற இன்னொருவர் இருந்தாக வேண்டும். ஏவியவர் யார், ஏவியது எது என்று காட்டாமல் ஒருவரை ஏஜென்ட் என்று சொல்ல முடியாது.

1938-இல் அமெரிக்கா கொண்டுவந்த வெளிநாட்டு முகவர் பதிவுச் சட்டம் இந்தப் பொருளில் எழுந்தது. ஹிட்லரின் ஜெர்மனிக்காக அமெரிக்க மண்ணில் பிரசாரம் செய்தவர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது அதன் முதல் வேலை. வெளியார் ஒருவரின் கட்டளைக்கோ கட்டுப்பாட்டுக்கோ வேண்டுகோளுக்கோ இணங்கிச் செயல்படுவதுதான் அதில் அளவுகோல்.

2012-இல் ரஷ்யா இந்தப் பெயரை எடுத்துக்கொண்டு அளவுகோலை மாற்றியது. வெளிநாட்டுப் பணம் வாங்கி ‘அரசியல் செயல்பாட்டில்’ ஈடுபடும் தன்னார்வ அமைப்பு எதுவானாலும் ‘இனஸ்த்ரான்னி அகேன்ட்’ ஆனது. ஏவியவர் யார் என்று அரசு காட்ட வேண்டியதில்லை. ரஷ்யக் காதில் ‘அகேன்ட்’ என்றால் காப்பீட்டுக்காரர் மட்டுமல்ல, உளவாளியும்தான்; ஸ்டாலின் காலத்துக் குற்றப்பத்திரிகைகளில் அடிபட்ட சொல் அது. அந்த ஆண்டு நவம்பரில், மாஸ்கோவில் மெமோரியல் அமைப்பின் அலுவலகச் சுவரில் யாரோ பெரிய எழுத்தில் ‘வெளிநாட்டு ஏஜென்ட்’ என்று பெயின்ட் அடித்து, பக்கத்தில் ஓர் இதயத்தை வரைந்து, ‘யு.எஸ்.ஏ.’ என்றும் எழுதிவிட்டுப் போனார்கள். ஸ்டாலின் காலத்தில் கொல்லப்பட்டவர்கள், முகாம்களில் மாண்டவர்கள் ஆகியோரின் பெயர்களைத் தேடித்தேடித் திரட்டிய அமைப்பு மெமோரியல். தன் வெளியீடுகளில் அந்தப் பட்டத்தைப் பொறிக்கத் தவறியது என்ற குற்றச்சாட்டின் பேரில் 2021 டிசம்பரில் நீதிமன்றம் அதைக் கலைத்தது. அடுத்த ஆண்டு அதற்கு அமைதிக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்தச் சட்டம் சங்கம் சேரும் உரிமையை மீறுகிறது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2022 ஜூனில் தீர்ப்பளித்தபோது கலைக்க வேண்டியதைக் கலைத்து முடித்திருந்தார்கள்.

இனி ஜார்ஜியா. ஐரோப்பிய ஒன்றியத்தோடும் நேட்டோவோடும் முழுமையாக இணைய எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்று தன் அரசியலமைப்பின் 78-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கும் நாடு. 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய உறுப்புரிமைக்கு விண்ணப்பித்தது. சரியாக ஓராண்டில், 2023 மார்ச்சில், ஆளும் ‘ஜார்ஜியக் கனவு’ தரப்பு ஒரு மசோதாவை முதல் வாசிப்பில் நிறைவேற்றியது. அதில் இருந்த சொல் ‘வெளிநாட்டுச் செல்வாக்கின் அகென்டி’. நீர்ப்பீரங்கிக்கு எதிரே ஐரோப்பியக் கொடியை ஆட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்க, அவர் விழாமல் மற்றவர்கள் தாங்கிப் பிடித்த காட்சி அப்போது உலகம் முழுவதும் பரவியது. ‘ரஷ்யச் சட்டம் வேண்டாம்’ என்பதே முழக்கம். சில நாட்களில் மசோதாவைக் கைவிட்டார்கள். அந்த டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் ஜார்ஜியாவுக்கு உறுப்புரிமை வேட்பாளர் தகுதியும் கொடுத்தது.

2024 ஏப்ரலில் அதே மசோதா திரும்பி வந்தது. ‘அகென்டி’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, ‘வெளிநாட்டுச் சக்தியின் நலன்களை நடத்திச் செல்லும் அமைப்பு’ என்று போட்டிருந்தார்கள். வசைச்சொல்லுக்குப் பதில் அதன் அகராதி விளக்கத்தையே சட்டத்தில் எழுதியதுபோல! வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தால், தேர்தலைக் கண்காணிக்கும் அமைப்பானாலும் சிறு செய்தித்தளமானாலும் இந்தப் பெயரில் பதிந்துகொள்ள வேண்டும். தவறினால் 25,000 லாரி (ஜார்ஜிய நாணயம்) அபராதம். மே 14 அன்று 84-க்கு 30 என்ற வாக்கில் நிறைவேறியது. அதிபர் சலோமே சுராபிஷ்விலி தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தினார். சட்டத்தைக் கைவிடுங்கள் என்றது ஐரோப்பிய மன்றத்தின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணையம். மே 28-இல் அத்தனையையும் தள்ளிவிட்டு மீண்டும் நிறைவேற்றினார்கள். அந்த நாட்களில் எதிர்த்துப் பேசியவர்களின் வீட்டுக் கதவுகளிலும் அலுவலகங்களிலும் அவர்கள் படத்தோடு சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. சட்டத்திலிருந்து எடுத்த ‘ஏஜென்ட்’ என்ற சொல் அந்தச் சுவரொட்டிகளில் பத்திரமாக இருந்தது.

ஜார்ஜியக் குடிமை அமைப்புகளுக்குப் பெருமளவில் நிதி தந்தவற்றுள் ஐரோப்பிய ஒன்றியமும் ஒன்று. அரசியலமைப்பு எதை நோக்கி நடக்கச் சொல்கிறதோ, அதனிடமிருந்து வரும் பணம் சட்டத்தின் கண்ணில் ‘வெளிநாட்டுச் சக்தி’யின் பணம். அந்த ஜூனில் ஐரோப்பியத் தலைவர்கள் ஜார்ஜியாவின் உறுப்புரிமைப் பயணம் நடைமுறையில் நின்றுபோனதாக அறிவித்தார்கள். நவம்பர் 28 அன்று பிரதமர் இராக்லி கொபகித்சே, 2028 முடியும்வரை பேச்சுவார்த்தையைத் தொடங்கும் பேச்சே இல்லை என்றார். ருஸ்தவேலி மறுபடி நிரம்பியது.

இனித் தமிழுக்கு வருவோம். ‘முகவர்’ நல்ல சொல். முகம் என்பதிலிருந்து வந்தது. பிறருக்கு முகமாக நிற்பவர். இலங்கைத் தமிழில் ‘முகவர் நிலையம்’ அன்றாட வழக்கு. யாருடைய முகம் என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே இருப்பதால், ஏவுபவர் இருந்தாக வேண்டும் என்ற சட்டப் பொருளுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் இதில் துளியும் காரம் இல்லை.

காரம் வேண்டும் என்று ‘ஒற்றர்’ போடுகிறவர்கள் உண்டு. அது பிழை. ஒற்றர் அரசனின் ஆள். திருக்குறளில் ‘ஒற்றாடல்’ என்று தனி அதிகாரமே உண்டு. அதைப் படித்து வளர்ந்த காதில் ஒற்றர் ஒரு தொழிலுக்குரிய மதிப்போடுதான் ஒலிக்கிறார். ‘உளவாளி’ நெருங்கி வருகிறது என்றாலும், திருடிய ரகசியம் ஒன்று இருந்தாக வேண்டும். ‘கையாள்’ இன்னும் நெருக்கம், ஆனால் அதில் ஏவல் தெரிகிறதே தவிரப் பணம் தெரிவதில்லை.

பணம் தெரிகிற சொல் ‘கைக்கூலி’. கையில் வாங்கும் கூலி, லஞ்சம் என்பவை அதன் பழைய பொருள்கள். தமிழ் முஸ்லிம்களிடையே மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் வரதட்சணைப் பணத்துக்கும் கைக்கூலி என்றே பெயர். கூலியைக் குறித்த சொல் கூலி வாங்கியவரைக் குறிக்கத் தொடங்கியதும் ‘அந்நியக் கைக்கூலி’ நம் அரசியல் மேடைக்கு வந்துவிட்டது. ‘வெளிநாட்டு’ என்பதில் விரோதமில்லை. வெளிநாட்டுச் சரக்கு என்றால் இன்னும் கொஞ்சம் பெருமைதான். ‘அந்நிய’ என்றால் துணியைக் கொளுத்திய நினைவு வந்துவிடும். (அந்நியச் செலாவணி மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டது.)

2012-இன் ரஷ்யச் சட்டமும் 2024-இன் ஜார்ஜியச் சட்டமும் கேட்பது ‘யார் உன்னை ஏவியது?’ என்றல்ல, ‘யாரிடம் பணம் வாங்கினாய்?’ என்று. கூலி வாங்கியிருந்தால் ஆள் என்பது அவற்றின் தருக்கம். சட்டத்தின் அளவுகோலை வைத்தே பார்த்தாலும் அங்கே இருப்பது முகவர் அல்ல, கைக்கூலிதான். இந்தியாவிலும் வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்த 1976-லிருந்து சட்டம் உண்டு. அது பதிவு கேட்கிறது, கணக்குக் கேட்கிறது. பணம் வாங்கியவரின் நெற்றியில் ஒரு பெயரை ஒட்டுவதில்லை. அதனால் இந்த வசைக்குச் சட்டத் தமிழில் சொல் தேட வேண்டிய தேவை நமக்கு வரவில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. 2025 ஏப்ரல் 1 அன்று ஜார்ஜிய நாடாளுமன்றம் இன்னொரு சட்டத்தை நிறைவேற்றியது. 1938-இன் அமெரிக்கச் சட்டத்துக்குச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு இது, அமெரிக்கர் செய்தால் சரி, நாங்கள் செய்தால் தவறா என்றது அரசு. மே 31 முதல் நடைமுறையில் இருக்கும் அதில் அதிகபட்ச தண்டனை ஐந்தாண்டுச் சிறை. மொழிபெயர்ப்பை நாளெல்லாம் பார்க்கிற எனக்கு அந்த வாதம் மட்டும் கொஞ்சம் சிரிப்பை வரவழைத்தது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் அப்படியே வந்துவிடும் என்று எந்தத் துணையாசிரியரும் நம்பமாட்டார். முந்தைய ஆண்டு கதவில் ஒட்டிய சுவரொட்டியைப் பார்த்த ஜார்ஜியர்களும் நம்பவில்லை.

ஆகவே என் பரிந்துரை இது. சட்டத்தின் பெயரைச் சொல்லும்போது ‘வெளிநாட்டு முகவர்’ என்றே எழுதலாம். சட்டப்பெயரில் நாம் காரம் சேர்க்கக் கூடாது. செய்தியில் முதல்முறை வரும் இடத்தில், ‘ரஷ்ய, ஜார்ஜிய வழக்கில் இது உளவாளி, கைக்கூலி என்று ஒலிக்கும்’ என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். ஆனால் மாஸ்கோ சுவரில் பெயின்டால் எழுதியதையும் திபிலீசியில் கதவில் ஒட்டியதையும் தமிழில் தரும்போது ‘முகவர்’ என்று போடவே கூடாது. எழுதியவர்கள் காப்பீட்டுக்காரரைத் தேடி அங்கே வரவில்லை.