படிவத்தோடு திரும்பி வராதீர்கள்

ஆராய்ச்சியாளர்களுக்கு மானியம் வழங்கப் புதிதாகத் தேசிய ஆராய்ச்சி நிதியம் அமைக்கும் நாடுகள், ஏற்கெனவே நன்றாக நடக்கும் நிதியங்களைப் போய்ப் பார்ப்பது வழக்கம். நல்ல வழக்கம்தான். 1986-இல் சீனா தன் இயற்கை அறிவியல் நிதியத்தைத் தொடங்கியபோது, 1950-இல் உருவான அமெரிக்கத் தேசிய அறிவியல் நிதியத்திடம் நிறையக் கற்றுக்கொண்டது. ஆனால் போய்வரும் குழுக்கள் பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தையும் மதிப்பெண் முறையையும்தான் கேட்டு வாங்கி வருகின்றன. ஆராய்ச்சி மானிய நிர்வாகத்தில் இருந்து பார்த்தவரை, நிதியங்கள் தடுமாறுவது அங்கே அல்ல. பணம் வந்து சேரும் வழியில்.

ஒப்புதல் கடிதம் வந்துவிடும். முதல் தவணையோ நிதியாண்டு முடியச் சில வாரங்கள் இருக்கும்போதுதான் வரும். அதற்குள் விலைப்புள்ளி கேட்டு, கொள்முதல் குழுவைக் கூட்டி, வேதிப்பொருளுக்கு ஆர்டர் கொடுத்து, பில்லும் வாங்கியாக வேண்டும். மிச்சத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். இடையில் ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகை நின்றுபோகும். நல்ல மாணவர் வேறு வேலை தேடிப் போய்விடுவார்.

பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலம் இதற்கு ஒரு வழி கண்டது. 1962 முதல் இயங்கும் அதன் நிதியத்துக்கு மாநில வரி வருவாயில் 1 சதவீதம் என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பணம் மாதாமாதம் போய்ச் சேர வேண்டும். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நான் முதலில் பின்பற்றச் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

விண்ணப்பங்களை மதிப்பிடுவது சின்ன நாடுகளுக்கு வேறு மாதிரிச் சிக்கல். ஒரு துறையில் இருபது பேர்தான் இருந்தால், விண்ணப்பித்தவரும் மதிப்பிடுபவரும் ஆசிரியர் மாணவராகவோ போட்டியாளராகவோ இருப்பார்கள். தொடர்புடையவர் மதிப்பிடக் கூடாது என்ற பெரிய நாட்டின் விதியை அப்படியே எழுதிவைத்தால் நடக்காது. அயர்லாந்து தன் அறிவியல் நிதியத்துக்கு அமெரிக்க நிதியத்தில் பணியாற்றிய வில்லியம் ஹாரிஸை முதல் தலைவராக அழைத்தது. விண்ணப்பங்களை வெளிநாட்டு அறிஞர்களிடம் அனுப்பியது. செலவு கூடுதல்தான், ஆனால் முடிவின் மேல் நம்பிக்கை வரும்.

ஆப்பிரிக்க நாடுகளின் அறிவியல் நிதிக் குழுக்களுக்காக 2015-இல் தொடங்கிய கூட்டு முயற்சி எனக்குப் பிடித்திருக்கிறது. பட்ஜெட் இறுக்கமும் ஆள் பற்றாக்குறையும் தெரிந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அடுத்த குழு கிளம்பும்போது கணக்கு அதிகாரி ஒருவரையும் கூட்டிப்போகட்டும். அங்கே ஒப்புதலுக்கும் முதல் தவணைக்கும் இடையே எத்தனை நாள், தாமதமானால் யார் பதில் சொல்கிறார்கள் என்று அவர் கேட்கட்டும்.