வலையில் சுறா பட்டால் எதை விடவேண்டும், எதை விற்கலாம்?

முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் சுறாப் பேச்சை எடுத்தால் இரண்டு பதில்களில் ஒன்று வரும். “சுறாவே பிடிக்கக்கூடாதாம்” என்பார் ஒருவர். “அதெல்லாம் தெற்கிலிருந்து வாற பலநாள் கலங்களுக்கு, எங்களுக்கில்லை” என்பார் மற்றவர். இரண்டும் பிழை.

இலங்கையில் பிடிக்கத் தடையுள்ளவை ஐந்து இனச் சுறாக்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின் கீழ் 2012இல் நீள்வால் சுறாவின் மூன்று இனங்களுக்குத் தடை வந்தது. 2015இல் ஆழ்கடல் வெள்ளைமுனைச் சுறாவும் திமிங்கிலச் சுறாவும் சேர்ந்தன.

அடையாளம் காண்பது பெரிய வேலையில்லை. நீள்வால் சுறாவின் வாலில் மேல்பாதி, ஏறக்குறைய உடம்பளவுக்கு நீண்டு அரிவாள்போல் வளைந்திருக்கும். மூன்றில் எது என்று மண்டையை உடைக்கவேண்டாம், மூன்றுக்கும் தடைதான். வெள்ளைமுனைச் சுறாவின் முதுகுச் செட்டை அகன்று, நுனி உருண்டு, வெள்ளை திட்டுத் திட்டாகப் படிந்திருக்கும். கரையோரம் படுகிற கறுப்புமுனைச் சுறா வேறு. திமிங்கிலச் சுறாவைச் சொல்லவே தேவையில்லை: முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி, வாய் தலையின் முன்பக்கத்தில் அகலமாக இருக்கும். ஆளைக் கடிக்காது. சின்னஞ்சிறு கடலுயிர்களை வடித்துத் தின்னும் பிராணி.

முதல் நான்கும் பெரும்பாலும் ஆழ்கடலில் திரிபவை. திமிங்கிலச் சுறா அப்படியில்லை, இரை தேடிக் கரையை ஒட்டியும் வரும். கரையிலிருந்து வலை வளைத்து இழுப்பிக்கிற கரைவலைச் சம்மாட்டிமார் (வலைக்குச் சொந்தக்காரர்) யோசிக்கவேண்டியது இதைத்தான். வலையின் மடிக்குள் அது தெரிந்தால் வளைத்த வலையைத் தாழ்த்தி வழிவிடவேண்டும், முடியாவிட்டால் வலையை அறுக்கவேண்டும். வாலில் கயிறு போட்டு இழுக்கக்கூடாது. கரையில் ஏற்றிப் படமெடுத்துவிட்டுப் பிறகு தள்ளிவிடுவதும் வேண்டாம். அந்த உடம்புப் பாரம் தண்ணீருக்கு வெளியே அதன் உள்ளுறுப்புகளையே நசுக்கிவிடும். அறுத்த வலைக்கு நட்டஈடு பற்றி இந்த விதிகளில் ஒன்றுமில்லை. கடனில் வலை வாங்கினவருக்கு இது வலிக்கத்தான் செய்யும். விதி எழுதினவர்கள் அதையும் யோசித்திருக்கலாம்.

தடையுள்ள சுறா செத்தே வந்தாலும் வெட்டி விற்கவோ, கருவாடு போடவோ வேண்டாம். சங்கத் தலைவருக்கோ கடற்றொழில் பரிசோதகருக்கோ உடனே சொல்லிவிடுவது நல்லது.

சரி, மற்றச் சுறாக்கள்? பிடிக்கலாம், விற்கலாம். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பால்சுறா வாங்குவதில் சட்டச் சிக்கல் எதுவுமில்லை. ஒரு நிபந்தனை உண்டு: செட்டை உடம்போடு இருக்கவேண்டும். 2001ஆம் ஆண்டு விதி அது. கடலில் செட்டையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உடம்பை எறியும் வழக்கத்தை நிறுத்தத்தான் அது வந்தது. கரைக்கு வந்த பிறகு வெட்டுவது வேறு கதை.

ஏன் இவ்வளவு கெடுபிடி? பெருங்கண் நீள்வால் சுறா ஒரு தடவையில் பெரும்பாலும் இரண்டு குட்டிதான் போடும். அதுவும் பல வருசம் வளர்ந்த பிறகு. இலட்சக்கணக்கில் முட்டையிடும் சூரையைப் பிடிப்பதுபோல் இதைப் பிடித்தால் தாங்காது. 1970இலிருந்து ஐம்பது வருசத்துக்குள் உலகின் ஆழ்கடல் சுறா, திருக்கைத் தொகை 71 வீதம் விழுந்துவிட்டது என்று 2021இல் ஆய்வாளர்கள் கணக்குக் காட்டினார்கள்.

2015 விதிக்கு வேறொரு பின்னணியும் உண்டு. சட்டவிரோத மீன்பிடியைக் காரணம் காட்டி அந்த ஆண்டு தை மாதத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனை வாங்க மறுத்தது. 2016 ஆனியில்தான் தடை நீங்கியது. குற்றச்சாட்டின் பெரும்பகுதி ஆழ்கடல் கலங்கள் பற்றியது, வன்னியின் பைபர் படகுகள் பற்றியதல்ல. ஆனாலும் பாதுகாக்கப்பட்ட இனத்தைப் பிடித்தால் ஆளுக்கோ படகுக்கோ தகுந்த மாதிரி விலக்குக் கிடையாது.

செட்டை ஏற்றுமதிக்குத் தனி விதி. சுத்தியல்போல் தலையுள்ள கொம்பன் சுறா 2014இலிருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் (CITES ஒப்பந்தம்) இருக்கிறது. 2022இல் பால்சுறா, கறுப்புமுனைச் சுறா சேர்ந்த குடும்பம் முழுவதையும் அதில் சேர்க்க ஒப்பந்த நாடுகள் முடிவெடுத்தன. இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை எடுக்கவேண்டியவர் ஏற்றுமதி செய்கிற முதலாளி, பிடித்தவர் அல்ல. பத்திரத்தைக் காரணம் சொல்லி யாராவது விலையைக் குறைத்தால், எந்த இனத்துக்கு, எந்தப் பத்திரம் என்று கேட்டுவிட்டுப் பிறகு தராசில் போடுங்கள்.