ரிக்டர்: இல்லாத கோலுக்கு ஒரு பெயர்

நிலநடுக்கச் செய்திக்கென்று நம்மிடம் ஓர் அச்சு வாக்கியம் இருக்கிறது. இடத்தின் பெயரையும் எண்ணையும் மாற்றினால் போதும், எந்த நடுக்கத்துக்கும் பொருந்தும்: "ரிக்டர் அளவுகோலில் 6.4 ஆகப் பதிவானது." தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடுகிற வரியில் இதுதான். நாளிதழிலும் இதுதான். பேரழிவுப் படங்களின் தமிழ் டப்பிங்கில், கணினித் திரையைப் பார்த்து வியர்த்துப்போகும் விஞ்ஞானி சொல்வதும் இதையேதான்.

இவ்வளவு சிறிய வாக்கியத்தில் மூன்று சொற்கள் இடறுகின்றன. பெரிய நடுக்கங்களை அளக்க ரிக்டரின் முறை இப்போது பயன்படுவதில்லை. அளவுகோல் என்று எந்தக் கோலும் கிடையாது. அந்த எண் எங்கும் பதிவாவதும் இல்லை. கருவியில் பதிவாவது நிலத்தின் அசைவு, எண் அதிலிருந்து கணக்குப் போட்டு எடுப்பது. வாக்கியத்தில் பழுதில்லாமல் இருப்பது 6.4 மட்டும்தான்.

பெயரிலிருந்து தொடங்கலாம். ரிக்டர் என்றால் ஜெர்மன் மொழியில் நீதிபதி. சார்லஸ் ஃபிரான்சிஸ் ரிக்டர் 1900இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். ரிக்டர் என்பது அவருடைய தாய்வழிக் குடும்பப் பெயர். கலிபோர்னியாவின் பாசடீனாவில் இருந்த நில அதிர்வு ஆய்வகத்தில் வேலை பார்த்தார். அங்கே அவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். தென் கலிபோர்னியாவில் ஆண்டுதோறும் நிகழும் நூற்றுக்கணக்கான நடுக்கங்களைப் பட்டியலிட வேண்டும். ஆனால் எது பெரியது, எது சிறியது என்று எப்படிச் சொல்வது? அதுவரை இருந்த வழி, சேதத்தைப் பார்த்துச் சொல்வது. இத்தாலியப் பாதிரியாரும் எரிமலை ஆய்வாளருமான ஜுசெப்பே மெர்காலி 1902இல் வெளியிட்ட படிநிலைகள் அந்த வகை. தொங்கும் விளக்கு ஆடியதா, சுவர் விரிந்ததா, கட்டடம் விழுந்ததா என்று கேட்டு நிலை குறிப்பார்கள். ஊர் நடுவே நிகழ்ந்த சின்ன நடுக்கம் இதில் பெரிதாகத் தெரியும். ஆளில்லாத பாலைவனத்தில் நிகழ்ந்த பெரிய நடுக்கம் கணக்கிலேயே வராது.

ரிக்டர் 1935இல் வெளியிட்ட தீர்வு எளிமையானது. அந்த வட்டாரத்தில் எல்லா நிலையங்களிலும் வுட்-ஆண்டர்சன் என்ற ஒரே வகைக் கருவி இருந்தது. நடுக்கத்திலிருந்து 100 கிலோமீட்டர் தொலைவில் அந்தக் கருவி 1 மில்லிமீட்டர் வீச்சுக்குக் கோடு கிழித்தால், நடுக்கத்தின் எண் 3. வீச்சு 10 மில்லிமீட்டர் என்றால் 4, 100 மில்லிமீட்டர் என்றால் 5. தொலைவு கூடக்கூட அசைவு எப்படித் தேய்கிறது என்று வரைபடம் போட்டுப் பார்க்கும் யோசனையை ஜப்பானின் கியோ வாதாட்டியிடமிருந்து பெற்றார். மடக்கையில் போட்டுப் பார் என்று சொன்னவர் சக ஆய்வாளர் பேனோ குட்டன்பர்க். வேலையில் பங்கு இவர்களுக்கும் உண்டு. ஊர் வாயில் நின்றது ஒரு பெயர்தான்.

இந்த எண்ணுக்கு ரிக்டர் தன் பெயரை வைக்கவில்லை. அவர் வைத்த பெயர் மேக்னிட்யூட். ஆய்வகத்தில் இருந்த ஹாரி வுட், சேதத்தைச் சொல்லும் அளவோடு குழம்பாதபடி இதற்குத் தனிப் பெயர் வேண்டும் என்று வற்புறுத்தினார். ரிக்டருக்கு வானியலில் ஆர்வம் இருந்ததால், விண்மீன்களின் பிரகாசத்தைக் குறிக்கும் சொல்லை எடுத்துக்கொண்டார். 'பெரிய' என்னும் பொருள் தரும் மேக்னஸ் என்ற லத்தீன் சொல்தான் இதன் வேர். ஒரு வேடிக்கை: விண்மீன் கணக்கில் எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். நல்லவேளை, அந்தத் தலைகீழ் வழக்கத்தை அவர் கூடவே கொண்டுவரவில்லை.

அடுத்து 'அளவுகோல்'. ஸ்கேல் என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் நமக்கு வடிவியல் பெட்டியில் இருக்கும் கோல் நினைவுக்கு வருகிறது. ஆனால் இங்கே அந்தச் சொல்லின் மூலம் லத்தீனின் ஸ்காலா, அதாவது ஏணி. ஏறிக்கொண்டே போகும் படிகள் என்பதுதான் கருத்து. இதில் நாம் மட்டும் தடுமாறவில்லை. ரிக்டரின் ஆய்வகத்துக்கு வந்தவர்களே அந்த ஸ்கேலைக் காட்டுங்கள் என்று அவ்வப்போது கேட்டிருக்கிறார்கள். பிற்காலத்தில் ஒரு நேர்காணலில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். தமிழில் இதற்கு வாகான சொல் உண்மையில் 'படி'. காலால் ஏறுவதும் படி, நெல் அளப்பதும் படி; ஏணியும் அளவும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. கோலைப் பிடித்துக்கொண்டு படியை விட்டுவிட்டோம்.

கோல் என்று சொல்வதால் வரும் தீங்கு சின்னதல்ல. கோலில் 6க்கும் 8க்கும் இடையே இரண்டு கோடுதான் தூரம். நிலநடுக்கக் கணக்கில் ஒரு படி ஏறினால் அசைவின் வீச்சு 10 மடங்காகிறது, வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்காகிறது. இரண்டு படி ஏறினால் ஆற்றல் 1000 மடங்கு. இன்னொன்று, கோலுக்கு ஒரு முனை இருக்கும் அல்லவா? அதனால்தான் பலரும் இதைப் பத்துக்கு எத்தனை என்ற மதிப்பெண்ணாக நினைத்துக்கொள்கிறார்கள். இந்த எண்ணுக்கு மேல்முனையும் இல்லை, கீழ்முனையும் இல்லை. மிகச் சிறிய நடுக்கங்களுக்கு எதிர்மறை எண்கூட வரும். எல்லை போடுவது பாறைதான். நடுக்கத்தின் அளவு, நிலத்தடிப் பாறையில் உள்ள பிளவு எவ்வளவு நீளத்துக்கு நழுவுகிறது என்பதைப் பொறுத்தது. 10 என்ற எண் வர வேண்டுமானால் பூமியின் பெரும்பகுதியைச் சுற்றி ஓடும் பிளவு ஒன்று வேண்டும். அப்படி ஒன்று இல்லை.

திரைக்கு இதைப் பற்றிக் கவலை கிடையாது. 2004இல் வந்த ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்குத் தலைப்பே '10.5'. 2015இல் வந்த 'சான் ஆண்ட்ரியாஸ்' படம் கலிபோர்னியாவில் அதே பெயருள்ள பிளவில் 9.6 நடுக்கத்தை உண்டாக்கியது. அங்கே சுமார் 8.3க்கு மேல் போக வாய்ப்பில்லை என்பது புவியியலாளர் கணிப்பு. அந்தப் பிளவின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்பவை. படத்தில் காட்டுகிற மாதிரி பள்ளத்தாக்காக வாய் பிளந்தால் உரசலே இல்லை. உரசல் இல்லையென்றால் நடுக்கம் எங்கிருந்து வரும்? ஆனாலும் இந்தப் படத்தை நான் முழுசாகத் திட்ட மாட்டேன். குனிந்து மேசைக்கு அடியில் போய்ப் பிடித்துக்கொள்ளச் சொல்லும் இடம் அதில் உண்டு. பார்த்தவர்களில் சிலருக்காவது அது ஞாபகம் இருக்கும். எண் தப்பாகப் போனதை மன்னித்துவிடலாம், செய்ய வேண்டியது சரியாகப் போய்ச் சேர்ந்ததே.

சரி, ரிக்டர் முறையை ஏன் கைவிட்டார்கள்? அவர் நம்பியிருந்த வுட்-ஆண்டர்சன் கருவி விரைவான அலைகளை மட்டுமே நன்றாக உணரும். பெரும் பிளவு ஒன்று நிமிடக்கணக்கில் கிழிந்துகொண்டே போகும்போது அதன் ஆற்றலில் பெரும் பங்கு மெதுவான, நீண்ட அலைகளாக வெளியேறுகிறது. உச்சஸ்தாயி மட்டும் கேட்கும் காதை வைத்துக்கொண்டு கச்சேரியை மதிப்பிடுவது போலத்தான். 7ஐ நெருங்கும்போதே ரிக்டரின் எண் தேங்கிவிடும். பின்னால் குட்டன்பர்க் உருவாக்கிய மேற்பரப்பு அலைக் கணக்கு இன்னும் கொஞ்ச தூரம் போய் 8ஐத் தாண்டியதும் தேங்கியது. 1906இன் சான் பிரான்சிஸ்கோ நடுக்கத்துக்கும் 1960இன் சிலி நடுக்கத்துக்கும் அந்தக் கணக்கில் ஏறத்தாழ ஒரே எண், 8.3. புதிய கணக்கில் முதலாவது 7.9, இரண்டாவது 9.5. இடையில் ஆற்றலில் சுமார் 250 மடங்கு வித்தியாசம்.

அந்தப் புதிய கணக்கை நில அதிர்வு ஆய்வாளர் ஹிரூ கனமோரி 1977இல் முன்வைத்தார். 1979இல் தாமஸ் ஹாங்ஸுடன் சேர்ந்து அதைப் பொதுவான அளவாக்கினார். இன்று பெரிய நடுக்கங்களுக்கு உலகம் முழுக்க இதுதான். பிளவில் நழுவிய பரப்பு, நழுவிய தூரம், பாறையின் விறைப்பு மூன்றையும் பெருக்கினால் வருவது இதன் அடிப்படை. பழைய எண்களோடு முடிந்தவரை ஒத்துப்போகும்படி சூத்திரத்தை அமைத்தார்கள். ஆய்வாளர்களுக்கு அது வசதி. செய்தி படிப்பவர்களுக்கோ மாற்றம் நடந்ததே தெரியவில்லை. எண் பழையது போலவே இருந்ததால் பெயரும் பழையதாகவே நின்றுவிட்டது.

இந்தப் புதிய அளவுக்குத் தமிழில் 'உந்தத்திறன் ஒப்பளவு' என்று ஒரு பெயர் புழங்குகிறது. இதை மாற்றியே ஆக வேண்டும். உந்தம் என்பது நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. பள்ளி இயற்பியலில் எல்லோரும் படித்தது. ஆங்கிலத்தில் இதன் பெயர் மொமென்ட் மேக்னிட்யூட்; அதில் இருப்பது மொமென்டம் அல்ல, மொமென்ட். ஒரு பொருளைத் திருப்ப விசைக்கு இருக்கும் திறனைக் குறிக்கும் சொல் அது. நம் பாடநூல்களில் அதற்குத் திருப்புத்திறன் என்று பெயர் இருக்கிறது, இலங்கைப் பாடநூல்களில் திருப்பம். பிளவின் இரு பக்கங்களையும் எதிரெதிராக நழுவவைக்கும் விசை இணைகளைச் சொல்லும் இடத்தில் 'திருப்புத்திறன் பருமன்' கச்சிதமாக உட்காரும். ஒலி ஒத்துப்போனதில் சொல் வழுக்கியிருக்கிறது.

'பருமன்' என்று எழுதிவிட்டேன். அதுதான் மேக்னிட்யூடுக்கு நான் முன்வைக்கும் சொல்லும். எவ்வளவு பெரியது என்று மட்டும் சொல்வது அது. இலங்கைத் தமிழ் மாணவர்கள் ஓர் அளவின் பருமனும் திசையும் என்று படித்தே வளர்கிறார்கள். உடல் பருமன் ஞாபகம் வருமே என்று சிலர் தயங்கலாம். வரட்டுமே; கூடினால் பெரிது என்று உடனே புரியும். 'அளவு' என்ற பொதுச்சொல்லும் தப்பில்லை, ஆனால் அது எதற்கும் பொருந்துவதால் இங்கே பிடிப்பில்லை. 'வலிமை', 'சக்தி' என்று எழுதுவதைத்தான் தவிர்க்க வேண்டும். அவை இன்னொரு அளவோடு குழம்புகின்றன.

அந்த இன்னொரு அளவு இன்டென்சிட்டி, ஹாரி வுட் குழம்பக்கூடாது என்று பயந்த அதே அளவு. ரிக்டர் இந்த வேறுபாட்டுக்குச் சொன்ன உவமை வானொலி. ஒலிபரப்பு நிலையத்தின் ஆற்றல் எத்தனை கிலோவாட் என்பது ஒரே எண், அதுதான் பருமன். உங்கள் வானொலிப் பெட்டிக்கு வந்துசேரும் அலை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பது நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. இதை 'உலுக்கல் தீவிரம்' என்று சொல்லலாம். மரத்தை உலுக்குவதைப் போல நிலம் நம்மை உலுக்குவதுதானே நமக்குத் தெரியும். ஒரு நடுக்கத்துக்குப் பருமன் ஒன்றுதான், உலுக்கல் ஊருக்கு ஊர் வேறு. நியூசிலாந்தில் 2010 செப்டம்பரில் 7.1 பருமனுள்ள நடுக்கம் வந்தபோது நேரடியாக யாரும் இறக்கவில்லை. 2011 பிப்ரவரி 22இல் வந்தது 6.2தான். ஆனால் அது கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்கு மிக அருகில், அதிக ஆழமில்லாமல் நிகழ்ந்தது. 185 பேர் இறந்தார்கள். எண்ணை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு இது புரியவே புரியாது.

ஜப்பானில் நிலநடுக்கச் செய்தி வேறு மாதிரி வரும். முதலில் சொல்வது ஷிந்தோ, அதாவது ஒவ்வோர் ஊரிலும் உலுக்கல் எவ்வளவு என்பது. 0 முதல் 7 வரையான எண்களை வரைபடத்தின் மேல் ஊர்வாரியாகக் காட்டுவார்கள். பருமன் அப்புறம்தான். பார்ப்பவருக்கு வேண்டியது அந்த வரிசைதானே. இவ்வளவு தெளிவாக இருந்தவர்களையும் எண் ஒருமுறை ஏமாற்றியது. 2011 மார்ச் 11 அன்று நடுக்கம் தொடங்கிய சில நிமிடங்களில் வானிலை முகமை வெளியிட்ட முதல் பருமன் 7.9. மேலே சொன்ன அதே தேக்கம். அதை வைத்து வடகிழக்கு ஜப்பானின் இவாத்தே கரைக்கு 3 மீட்டர் சுனாமி என்று அறிவித்தார்கள். உண்மைப் பருமன் 9.0, ஆற்றலில் சுமார் 45 மடங்கு. வந்த அலை 3 மீட்டரை எங்கோ தாண்டியது. 2013இல் நடைமுறையை மாற்றினார்கள். பருமன் 8ஐத் தாண்டும் பெரிய நடுக்கமாகத் தெரிந்து, எண் இன்னும் உறுதியாகாத நிலையில், முதல் எச்சரிக்கையில் மீட்டர் கணக்கே வராது. 'மாபெரும்' அலை, 'உயரமான' அலை என்று சொல் மட்டும்தான். எண்ணைவிடச் சொல் நேர்மையாக இருக்கும் நேரமும் உண்டு என்று ஓர் அறிவியல் நிறுவனம் முடிவு செய்தது எனக்குப் பிடித்த சங்கதி.

எழுதுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு குறிப்பு. '6.4 ரிக்டர் நிலநடுக்கம்' என்று மீட்டர், லிட்டர் மாதிரி எழுதுவதும் நடக்கிறது. பருமன் வெறும் எண், அதற்கு அலகு கிடையாது. அப்புறம் '10 கிலோமீட்டர் ஆழத்தில்' என்று அடிக்கடி வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஆழத்தைச் சரியாகக் கணிக்கப் போதிய தரவு இல்லாதபோது சில நிறுவனங்கள் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் எண் அது. முதல் செய்தியில் 10 என்று பார்த்தால் கொஞ்சம் பொறுப்பது நல்லது. பருமனும் அப்படித்தான், முதல் ஒரு மணி நேரத்தில் 6.2, 6.4 என்று மாறினால் யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தமில்லை, மேலும் சில நிலையங்களின் தரவு வந்து சேர்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் தன் நடைக் கையேட்டில் ரிக்டரை விட்டுவிட்டு மேக்னிட்யூடும் எண்ணும் போதும் என்கிறது. தமிழிலும் அவ்வளவு போதும்: 'நிலநடுக்கம், பருமன் 6.4'. திரையின் அடிவரியில் இதற்கு அப்புறமும் இடம் மிச்சமிருக்கும். எந்தெந்த ஊரில் எவ்வளவு உலுக்கியது என்று அங்கே போடலாம்.